டப்பா போட்ட நான்கு மெட்டு

தங்கை தன் வாழ்க்கையில் முட்டி மோதி வென்றவை இவை. பத்தாம் வகுப்புக் கணக்கு, இரண்டாம் முறை எழுதி. மூன்று பையன்கள் நடத்திய பேண்டில் டிரம்ஸ் வாசிக்கும் இடம், அதுவும் டிரம்ஸ் வாங்க வழியில்லாமல் பெயிண்ட் டப்பாக்களைக் கவிழ்த்துப்போட்டு வாசித்துக் காட்டி. லிஃப்ட் மெக்கானிக் வேலை, "பொம்பளைப் பிள்ளைக்கு இருட்டுக் குழிக்குள்ள என்ன வேலை?" என்று கேட்ட மேலாளரின் அறை வாசலில் ஆறு திங்கட்கிழமை விடாமல் போய் உட்கார்ந்து. தன் அளவுக்குத் தைத்த வேலை உடுப்பு, நாலு வருடம் ஆம்பிளை உடுப்பின் காலை மடித்து மடித்துப் போட்ட பிறகு. இடது முழங்கால், இனி மடங்காது என்று டாக்டர் கைவிரித்ததை எட்டே மாதத்தில் மடக்கிக் காட்டி. கடைசியாக நான்கு பாட்டு. ஐந்து இல்லை, நான்கு. அந்த எண்ணிக்கையில் அக்காவும் தங்கையும் கறாராக இருக்கிறார்கள்.

மற்றதெல்லாம் சொந்தக்காரர்களுக்குத் தெரியும். பாட்டு விஷயம் மட்டும் ஆளுக்கு ஒரு விதமாகப் பரவியிருக்கிறது, பாதி தப்பு. அதனால் நடந்தது நடந்தபடி.

அன்று தங்கை ஒன்பது மாடி அலுவலகக் கட்டடம் ஒன்றில் லிஃப்ட் கூண்டின் தலைமேல் உட்கார்ந்து கதவு மோட்டாரைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். கீழே காவலாளியின் ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. புதுக் குரல், யாரோ சின்னப் பெண். மெட்டு மட்டும் எங்கேயோ கேட்டதுபோல் இருந்தது. தங்கை வாய்க்குள் அடுத்த வரியை முணுமுணுத்தாள். ரேடியோவும் அதையே பாடியது. அதற்கடுத்த வரியையும் முணுமுணுத்தாள். அதையும் பாடியது. ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள்.

பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர் சொன்னார்: முப்பது வருடத்துக்கு முன் இந்த ஊரில் இருந்த சின்னச் சின்ன பேண்டுகளின் பாட்டுகளைப் புதுக் குரல்களில் ஆல்பமாகக் கொண்டுவருகிறார்கள், இது முதல் பாட்டு, இந்த பேண்டின் ஐந்து பாட்டுகளுக்கும் இசை, அதில் கிட்டார் வாசித்தவர்.

வேலை முடிந்து நேரே அக்கா வீட்டுக்கு வந்தாள். கையில் இன்னும் கிரீஸ்.

"அக்கா, நம்ம பாட்டு ரேடியோவுல வருது."

"நல்லதுதானேடி! அதுக்கு ஏன் மூஞ்சிய இப்படி வச்சிருக்க?"

"இசை அவனாம்."

அவன் என்றால் யார் என்று அக்காவுக்கு விளக்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தில் ரெண்டு வீடு தள்ளிக் குடியிருந்த கிட்டார்காரன். இப்போது விளம்பரங்களுக்கு இசை போடும் ஸ்டூடியோ வைத்திருக்கிறான். முன்னால் ஒரு தொப்பை, பின்னால் ஒரு குடுமி. தங்கை அங்கேயே அவனுக்குப் போன் போட்டாள், அக்காவும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில்.

"டப்பா!" என்றான் எடுத்தவுடன். பேண்டில் அவளுக்கு அதுதான் பெயர். "எத்தனை வருஷம் ஆச்சு! பாட்டு கேட்டியா?"

"கேட்டேன். அஞ்சுக்கும் நீதான் மெட்டுப் போட்டேன்னு எழுதிக் கொடுத்திருக்கியாமே?"

"அட, அப்போ யாரு போட்டா, யாரு அடிச்சான்னு இப்ப யாருக்கு ஞாபகம் இருக்கு?"

"எனக்கு இருக்கு."

"இங்க பாரு டப்பா. டிரம்ஸ் வாசிக்கிறவங்க தாளம் போடுவாங்க. மெட்டுப் போட மாட்டாங்க. யாருகிட்டச் சொன்னாலும் சிரிப்பாங்க. சந்தேகமா இருந்தா உங்க அக்காவையே கேளு. ஒரு கேசட் இன்னும் என்கிட்ட இருக்கு, லேபிள் அக்கா கையெழுத்து. 'பெயர்'னு போட்டு என் பேரைத்தான் எழுதியிருக்காங்க. ரேடியோகாரங்களுக்கு அதைத்தான் காட்டினேன்."

அவன் சொன்னது பொய்யில்லை.

அக்கா எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு மருந்துக் கிடங்கில் லேபிள் ஒட்டும் வேலைக்குப் போனவள். அங்கே ஒவ்வொரு பெட்டிக்கும் நாலு கட்டம்: தேதி, எண், பொருள், பெயர். 'பெயர்' என்றால் மருந்து செய்தவர் பெயர் இல்லை. பெட்டி யாரிடம் போய்ச் சேர வேண்டுமோ அவர் பெயர். தங்கையின் பேண்டு வீட்டில் பதிவு செய்த கேசட்டுகளுக்கும் அதே நாலு கட்டத்தை ஸ்கேல் வைத்துப் போட்டாள். வெற்றுக் கேசட்டுகளை வாங்கி வந்தவன் கிட்டார்காரன். அதனால் எல்லாக் கேசட்டிலும் பெயர் கட்டத்தில் அவன் பெயர். திருப்பிக் கொடுக்க வேண்டியவன் அவன். அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். கடைசியில் அவன் ஒன்றே ஒன்றைத்தான் வாங்கிப் போனான், மற்றதை இன்றுவரை கேட்கவில்லை.

"நான்தாண்டி உன் வாயில மண்ணள்ளிப் போட்டேன்" என்றாள் அக்கா.

"நீ ஒழுங்காத்தான் எழுதின. அவன்தான் வசதியாப் படிச்சுக்கிட்டான். மத்த கேசட் எங்க?"

பீரோவுக்கு மேலே மருந்து அட்டைப்பெட்டியில் இருந்தது. இருபத்திரண்டு கேசட், எண் வரிசையில், ஒவ்வொன்றும் தனித்தனி பாலிதீன் உறையில், ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தோடு. தங்கை அக்காவை ஒரு பார்வை பார்த்தாள். "உன்னைக் கட்டிக்கிட்டவர் பாவம்க்கா" என்று சொல்லிவிட்டு அந்தக் காலத்து டேப் ரிக்கார்டரைத் திறந்தாள்.

உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகி ஒட்டிக்கிடந்தது. ஸ்பிரிட் தொட்டுத் தொட்டு அதைத் துடைக்கவே ஒரு மாலை போனது. புதுப் பெல்ட்டைத் தேடி வாங்கிப் போட்டதும் கேசட் சுற்றியது, ஆனால் மெதுவாக.

"பதினெட்டு வயசுப் பொண்ணு எருமை மாதிரிக் கத்துறாளேடி!"

"இரு, இரு. அது நான் இல்ல, மோட்டார்." மோட்டாரின் முதுகில் ஊசித் துளை ஒன்று உண்டு. அதற்குள் சின்ன ஸ்க்ரூடிரைவரை விட்டு ஒரு நூல் திருப்பினாள். எருமை பெண்ணானது.

பதிவு செய்யும் வேலை அப்போது அக்காவுடையது. ரெண்டு பொத்தானை ஒன்றாக அழுத்த வேண்டும், சில நேரம் ஒன்று துள்ளி மேலே வந்துவிடும். பாட்டின் தொடக்கம் போய்விடுமோ என்ற பயத்தில், பையன்கள் செருப்பைக் கழற்றும்போதே அக்கா அழுத்திவிடுவாள். தேதியையும் நேரத்தையும் வாயாலும் சொல்லிவைப்பாள். "டேப்பை வீணடிக்கிறீங்கக்கா" என்று மூன்று பேரும் மாறி மாறித் திட்டியிருக்கிறார்கள். அந்த வீணடித்த டேப்பைத்தான் இப்போது ரெண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்கள்.

"ஆறு, எட்டு, எண்பத்தொன்பது. ஞாயிற்றுக்கிழமை. சாயந்திரம் நாலு பத்து" என்றது அக்காவின் இளங்குரல். சத்தம் வெளியே போகாமல் இருக்க மெத்தையை ஜன்னலுக்கு நிமிர்த்தும் சத்தம். பிறகு கிட்டார்காரன்: "இன்னொரு தடவை பாடிக் காட்டு டப்பா, விரல் வரமாட்டேங்குது."

"நானனா நானே... அங்க இழுக்காதடா! வெட்டு. நானனா, நே. அவ்வளவுதான்."

"எப்படி இதெல்லாம் உனக்குத் தோணுது?"

"குளிக்கும்போது. நீயும் தினம் குளிச்சுப் பாரேன்."

சிரிப்பு. உடனே கீழே இருந்து டொக், டொக். கீழ்வீட்டுக்காரர் துடைப்பக் கட்டையால் அவர் வீட்டுக் கூரையை இடிக்கிறார். "மனுஷனுக்குத் தாளமே இல்ல" என்றாள் டேப்பில் இருந்த தங்கை. ஐம்பத்திரண்டு வயதுத் தங்கை தரையில் உருண்டு சிரித்தாள். அக்கா சிரிக்கவில்லை. எழுந்து போய் ஒரு நோட்டை எடுத்து, எந்தக் கேசட், எந்தப் பக்கம், எத்தனையாவது நிமிடம் என்று எழுத ஆரம்பித்தாள்.

முதல் பாட்டு, இரண்டாம் பாட்டு, நான்கு, ஐந்து, எல்லாவற்றுக்கும் அப்படி ஒரு துண்டு கிடைத்தது. மூன்றாம் பாட்டுக்கும் கிடைத்தது. அதில் கிட்டார்காரன்தான் கூச்சத்தோடு பேசினான்: "பஸ்ல வரும்போது எனக்கு ஒண்ணு தோணுச்சு. யாரும் சிரிக்கக் கூடாது." பாடினான். நன்றாகவே இருந்தது.

தங்கை அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "இதுவும் என்னோடதுன்னுதானே நினைச்சுட்டு இருந்தேன்."

அக்கா அந்தக் கேசட்டை மட்டும் எடுத்துத் தனியே வைத்தாள். "ரேடியோ நிலையத்துக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். அவன் மட்டும் நியாயம் பார்த்தானா?"

"இதை மறைச்சா அவனுக்கும் எனக்கும் என்னக்கா வித்தியாசம்? வை பையில."

"இதை வச்சே மத்ததையும் உருட்டிடுவாண்டி."

"உருட்டட்டும். நான் என்ன செத்தா போயிட்டேன்? வைன்னா வை."

அக்கா வைத்தாள். மனசில்லாமல்தான்.

ரேடியோ நிலையத்தில் நிகழ்ச்சிப் பொறுப்பாளர் ஒரு பெண். இவர்களுக்கு மகள் வயது இருக்கும். கண்ணாடி வைத்த சின்ன அறை. அவர் கூப்பிட்டுக் கிட்டார்காரனும் வந்திருந்தான். "அக்கா, சௌக்கியமா?" என்று எழுந்து நின்று கேட்டான். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அக்கா நோட்டைப் பார்த்துச் சொல்லச் சொல்ல, தங்கை ஒவ்வொரு இடமாக ஓடவிட்டாள். இரண்டாம் துண்டிலேயே கிட்டார்காரனின் முகம் சுண்டிப்போனது.

"சின்ன வயசுல எல்லாரும் சேர்ந்து போட்டதுதானே மேடம்" என்றான் பொறுப்பாளரிடம்.

"சேர்ந்து வாசிச்சோம்" என்றாள் தங்கை. "சேர்ந்து போடல."

"சரி, சண்டை எதுக்கு? 'சிறப்பு நன்றி'ன்னு உன் பேரைப் பெரிசாப் போடச் சொல்றேன்."

"உன் நன்றி எனக்கு வேண்டாம். வேணும்னா நான் உனக்கு நன்றி போடுறேன், கிட்டார் நல்லா வாசிச்சதுக்கு."

பொறுப்பாளர் சிரிப்பை அடக்கக் காகிதத்தை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். கிட்டார்காரன் விடவில்லை. "குளிக்கும்போது பாடினதெல்லாம் இசை ஆயிடுமா மேடம்? அதை வரிசைப்படுத்தி, கிட்டாருக்குக் கொண்டுவந்து..."

"இன்னும் ஒண்ணு பாக்கி இருக்கு" என்று தங்கை மூன்றாம் பாட்டின் கேசட்டைப் போட்டாள். அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். யாரும் சிரிக்கக் கூடாது என்று கெஞ்சிவிட்டு ஒரு பத்தொன்பது வயதுப் பையன் பாடினான்.

கிட்டார்காரன் டேப் ஓடி முடியும்வரை கேட்டுவிட்டு, "இதை நான்தான் போட்டேன்னு எனக்கே மறந்துபோச்சு" என்றான்.

"அஞ்சையும் உன்னோடதுன்னு எழுதினா எது உன்னோடதுன்னு எப்படிடா ஞாபகம் இருக்கும்?" என்றாள் தங்கை. "மூணாவது உன்னோடது, நல்ல பாட்டு. மத்த நாலும் என்னோடது. இதுல பாதி பாதின்ற பேச்சே கிடையாது. இப்படி எழுதுறதா இருந்தா பாட்டு வரட்டும். இல்லைன்னா ஒண்ணுகூட வர வேண்டாம். நான் பழையபடி லிஃப்ட்டுக்குப் போறேன்."

அவன் குடுமியைத் தடவினான். அக்காவைப் பார்த்தான். அக்கா நோட்டை மூடவில்லை, விரல் இன்னும் அந்த நிமிடத்தின் மேல் இருந்தது. "மாத்திடுங்க மேடம்" என்றான் கடைசியில். "அவ பிடிச்சா பிடிதான். அப்பவும் இப்படித்தான்."

பொறுப்பாளர் நாலு புதுப் படிவங்களைத் தங்கையின் முன் வைத்தார். ஒவ்வொன்றிலும் 'இசை' என்று ஒரு கோடு, அதன் கீழே இன்னொரு கோடு. தங்கை பேனாவை எடுத்துவிட்டுத் தயங்கினாள். கம்பெனியில் அவள் பழுது பார்த்த லிஃப்டுகளின் அட்டையில் மெக்கானிக் தன் எண்ணை மட்டும் எழுத வேண்டும்; கையெழுத்து மேற்பார்வையாளருடையது. முப்பது வருடமாக அவள் செய்த வேலையெல்லாம் நாற்பத்தொன்று என்ற எண்ணின் கீழே கிடக்கிறது.

"இங்க நம்பரா, பேரா?"

"பேரும்மா. முழுப் பேர். கீழ கையெழுத்து."

முழுப் பெயரை அவசரமில்லாமல் எழுதினாள். கீழே கையெழுத்துப் போட்டாள். பேங்கிலும் பள்ளிக்கூடத்திலும் போட்டது இந்தக் கணக்கில் சேராது. தான் செய்த ஒன்றின் கீழே தங்கை முதன்முதலாகத் தன் பெயரைப் போட்டது 2023 மார்ச் 14, செவ்வாய்க்கிழமை.