பாட்டு நின்றது, சுக்கான் திரும்பியது

போர்ட் பிளேரிலிருந்து ரங்கத் போகும் கப்பலில் ஏசியும் பாட்டும் ஒன்றாக நின்றபோது, அத்தனை பயணிகளில் சந்தோஷப்பட்டது நான் ஒருத்திதான்.

அந்தக் கப்பலின் கணினிக்கு புரோகிராம் எழுதிய குழுவில் நான் இருந்தேன். போர்ட் பிளேரின் டாலிகஞ்ச் பகுதியில், மளிகைக் கடைக்கு மேலே எங்கள் சின்ன அலுவலகம். எந்த வேலையை எப்போது செய்வது என்று கணினிக்கு வரிசை போட்டுத் தருவது என் பங்கு. சுக்கான், என்ஜின், தீ எச்சரிக்கை, ஹாரன் ஆகியவற்றின் வேலைகள் குறித்த கணத்துக்குள் முடிந்தே ஆக வேண்டும். சுக்கானுக்குச் சரியான கட்டளை பிந்திப் போனால் அதுவும் தப்பான கட்டளைதான். ஏசி, டிவி, பாட்டெல்லாம் நேரம் மிச்சமிருந்தால் மட்டும். இரண்டு கணினிகள் இவற்றைப் பங்குபோட்டுக்கொள்ளும். ஒன்று படுத்துவிட்டால் மற்றது முக்கியமானதையெல்லாம் தன் தலையில் ஏற்றிக்கொண்டு மீதியைக் கைவிடும். கப்பலைத் துறைமேடையில் கட்டிவைத்துப் பலமுறை சோதித்திருந்தோம். ஆனால் நடுக்கடலில், நிஜமாகவே ஒன்று கெட்டுப்போய் நான் பார்த்ததில்லை.

அன்று கப்பலில் ஒரு கல்யாணக் கோஷ்டி. பெண்வீட்டார் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். திடீரென்று கூடம் அமைதியானது. எனக்குப் புரிந்துவிட்டது. இரண்டிரண்டு படியாகத் தாவி, மேலே கப்பலை ஓட்டும் அறைக்கு ஓடினேன்.

கேப்டன் வங்காளி. "மேடம், ஏக் கம்ப்யூட்டர் கயா!" என்றார் இந்தியில், ஒரு கணினி போய்விட்டதென்று.

"சுக்கான்?" என்று அதன் சக்கரத்தைக் காட்டினேன்.

அவர் லேசாகத் திருப்பினார். கப்பலின் மூக்கு சொன்னபடி கேட்டது, திரும்பி நேரானது. நான் கைதட்டிக் குதித்தேன். "ஒண்ணு போயிடுச்சு சார்! ஆனா ஓடுது, ஓடுது!" தமிழில்தான் கத்தினேன். அவருக்கு ஒரு வார்த்தை விளங்கியிருக்காது, ஆனாலும் சிரித்தார். கரைக்கு வயர்லெஸ்ஸில் சொல்லி, வேகத்தைக் குறைத்து, கையால் இயக்கும் சுக்கானருகே ஓர் ஆளையும் நிறுத்தினார். ரங்கத் பக்கத்தில் வந்துவிட்டதால் போர்ட் பிளேருக்குத் திரும்பிப் போகவில்லை.

கீழே வந்தால் கல்யாணப் பெண்ணின் அத்தை என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, எல்லாரும் வேர்த்து வழியறோம், நீ பல்லைக் காட்டிட்டு வர்ற?"

"அத்தை, பந்தி நேரத்துல ஒரு சமையல்காரர் படுத்துட்டா மத்தவர் என்ன செய்வார்? சோத்தையும் சாம்பாரையும் பார்ப்பார். பாயாசத்தை விட்டுடுவார். அதே மாதிரிதான். கப்பல் நல்லா இருக்கு."

"அப்போ பாட்டுதான் பாயாசமா?"

"ஆமா."

"அடிப்பாவி, இதையெல்லாம் முடிவு பண்ணது யாரு?"

"நான்தான்!" என்றேன். அவ்வளவு பெருமையாக நான் எதையும் ஒத்துக்கொண்டதே இல்லை. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். எனக்கும் தாங்கவில்லை. இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

துறைமேடை நெருங்கியதும் கேப்டன் ஹாரன் கொடுத்தார். கணீரென்று நீளமாக ஒலித்தது. பாட்டில்லாமல் தவித்த கூட்டத்துக்கு அது போதுமானதாக இருந்தது. "ஹோய்!" என்று கத்திக் கைதட்டத் தொடங்கினார்கள். அத்தை என் கையைப் பிடித்து நடுவில் இழுத்துவிட்டார். எனக்கு ஆடத் தெரியாது. வேலைக்குப் போடும் கனத்த பூட்ஸோடு, துப்பட்டா எங்கே போனதென்றும் தெரியாமல், கப்பலைத் துறையில் கட்டி நிறுத்தும்வரை ஆடினேன்.