பொட்டலமாகப் போன இளவரசி

மாயாஜாலக் கதை படித்தால் பிள்ளைகள் உருப்படாமல் போவார்கள் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் மூக்குக்கு மேல் கோபம் வரும். எங்கள் அக்காவைப் பார்த்திருந்தால் அப்படிச் சொல்லமாட்டார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் அத்தா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) திண்டுக்கல்லில் பிரியாணிக் கடை வைத்திருந்தார். கடைக்கு வேண்டிய சின்ன வெங்காயத்தை வீட்டில்தான் உரிப்போம். உரிப்போம் என்று பெருமைக்குச் சொல்கிறேன், உரித்தது அக்கா. பெரிய மனுஷியானதும் அவளுக்குப் பள்ளிக்கூடம் நின்றது, வாசலுக்குப் போவதும் நின்றது. மிஞ்சியது மாதம் ஒருமுறை வரும் சிறுவர் பத்திரிகையின் தொடர்கதை ஒன்றுதான். வெங்காயக் கையால் புத்தகத்தைத் தொட முடியாது என்பதால் நான் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பேன். அவள் கண்ணில் நீர் வழியும். வெங்காயத்தாலா, கதையாலா என்று நான் கேட்டதில்லை.

ஒரு மாதம், மந்திரவாதி இளவரசியைக் குகைக்குள் தள்ளி, வாசலைப் பாறையால் அடைத்து, 'தொடரும்' போட்டுவிட்டான். முப்பது நாளும் அக்காவுக்கு அதே நினைப்பு.

"எப்படிடி வெளிய வருவா? உள்ள குடிக்கத் தண்ணியாச்சும் இருக்குமா?" என்று சோற்றைப் பிசைந்தபடியே கேட்பாள். ஒன்பது வயதில் எனக்கென்ன தெரியும்?

புது இதழ் வந்த அன்று பள்ளி விட்டதும் ஓடிப்போய் வாங்கினேன். அக்காவோடு சேர்ந்துதான் பிரிப்பது என்று எங்களுக்குள் பேச்சு. அதனால் அட்டையைக்கூடத் திருப்பவில்லை. வழியில் பசி, அத்தா கடைக்குள் நுழைந்தேன். புத்தகத்தைப் பொட்டலம் கட்டும் பலகையில் வைத்துவிட்டு உள்ளே சாப்பிடப் போனேன். அந்தப் பலகையில்தான் பழைய காகிதம் அடுக்கியிருக்கும். தேக்கிலையில் பிரியாணியை வைத்து, மேலே ஒரு தாளைச் சுற்றி, நூல் போட்டுக் கட்டித் தருவார்கள். நான் கை கழுவி வந்து பார்த்தபோது அட்டை மட்டும் கிடந்தது.

"ஏத்தா, அது புதுசா? பழசுன்னுல்ல கிழிச்சேன்!" என்றார் பொட்டலம் கட்டுகிறவர்.

இளவரசி பத்துப் பதினைந்து பொட்டலமாகி ஊருக்குள் போய்விட்டாள். புத்தகக் கடையில் வேறு பிரதி இல்லை. காத்திருப்பவளிடம் கதை இல்லை என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"சிநேகிதி வாங்கிட்டுப் போயிட்டாக்கா. நான் படிச்சுட்டேன், சொல்றேன் கேளு" என்று ஆரம்பித்தேன்.

எனக்குத் தெரிந்த பெரிய பாறை ஊர் நடுவே நிற்கும் மலைக்கோட்டைதான். அதையே குகையாக்கினேன். இளவரசி கொண்டை ஊசியால் சுவரைக் கீறிக் கீறி வழி செய்து மறுபக்கம் வந்தாள் என்றேன். அங்கே கடல் இருந்தது என்றும் அளந்தேன். கடலை நானும் பார்த்ததில்லை.

அக்கா கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்தாள். "அவளாவா வந்தா?"

"அவளாத்தான்."

அந்த மாதம் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த இதழ் வந்ததும் அக்கா சாம்பல் போட்டுக் கை கழுவிவிட்டு, தானே புத்தகத்தை வாங்கிக்கொண்டாள். முன்கதைச் சுருக்கம் என்று ஒன்று போடுவார்களே, அதில் என் குட்டு உடைந்தது. இளவரசன் வந்து பாறையைப் பிளந்து இளவரசியைத் தூக்கிப் போனானாம். குகைக்குள் அவள் மயங்கிக் கிடந்தாளாம்.

நான் அழுதேன். "அம்புட்டும் நானாச் சொன்னதுக்கா. பொஸ்தகம் கடையில கிழிஞ்சு போச்சு."

அக்கா கோபிக்கவில்லை. தொடர்கதையை மேற்கொண்டு படிக்கவும் இல்லை. புத்தகத்தை மூடி என் மடியில் போட்டுவிட்டு, வெங்காயக் கூடையை இழுத்துக்கொண்டாள்.

"எழுதுனவருக்கு உள்ள இருந்து பழக்கமில்ல போல" என்றாள். "நீ சொல்லு. கடலுக்கு வந்தாள்ல, பெறகு எங்க போனா?"