அக்கா சொல்ல மறுத்த ஒரு வார்த்தை

அக்கா எங்களை விட்டுச் சென்று ஓராண்டு ஆகிறது. அவரை நேசித்த உங்கள் எல்லோருடைய கைகளிலும் இந்த நினைவு மலரைத் தருகிறோம். அக்காவின் பொறுமையைப் பற்றி நீங்கள் பலரும் என்னிடம் பேசியிருக்கிறீர்கள். அந்தப் பொறுமை அவருக்கு எளிதாக வந்ததில்லை என்பது உங்களில் சிலருக்குத்தான் தெரியும். அதை மறைத்துவிட்டு அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை. அதனால் வருத்தம் தரும் சில செய்திகளையும் எழுதுகிறேன்.

அக்கா அம்பத்தூர் மேனாம்பேட்டில் பிறந்தவர். எங்கள் அப்பா தொழிற்பேட்டையில் லேத் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தார். அம்மா மஞ்சள் காமாலையில் இறந்தபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அக்கா பள்ளிப் படிப்பைப் பாதியில் நிறுத்தி என்னை வளர்த்தார். பின்னர் ஏற்றுமதித் துணி கம்பெனியில் தையல் வேலைக்குச் சென்றார். அங்கே ஒரு சூப்பர்வைசர் புதிதாக வந்த பெண்ணைத் தகாத வார்த்தையால் திட்டியபோது, அக்கா மெஷினை நிறுத்திவிட்டு எழுந்து, அவர் மன்னிப்புக் கேட்கும்வரை உட்காரவில்லையாம். அக்கா கோபக்காரர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அக்காவின் கணவர், எங்கள் மாமா, வேன் ஓட்டினார். இருவரும் சிறுகச் சிறுகச் சேர்த்து நூம்பலில் ஒரு மனை வாங்கினார்கள். அக்காவும் குமணன்சாவடியில் ஒரு பள்ளியின் வேனில் ஆயாவாகச் சேர்ந்தார். பிள்ளைகளை ஏற்றி இறக்கி, தூங்கி விழுபவர்களை மடியில் போட்டுக்கொண்டு அவர் செய்த அந்த வேலை அவருக்கு மிகவும் பிடித்திருந்தது. அவருக்குச் சொந்தமாகப் பிள்ளைகள் இல்லை. நான்தான் அவருடைய பிள்ளை.

அக்காவின் மனை உள்ளடங்கியது. தெருவை ஒட்டிய முன்மனை வேறொருவருடையது. அவர் வீட்டின் பக்கவாட்டில் ஓடும் வழிதான் அக்காவின் வீட்டுக்குப் பாதை. விற்றவர் அதை இரண்டு மனைக்கும் பொதுவாகத்தான் விட்டிருந்தார். முன்வீட்டுக்காரரின் பெயரை நான் எழுதவில்லை. எழுதுவதை அக்கா விரும்ப மாட்டார். அவரும் எங்கள் சபையைச் சேர்ந்தவரே. அக்கா வீடு கட்டிய காலத்தில் தண்ணீரும் கரண்டும் கொடுத்து உதவியது அவர்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் இரண்டு குடும்பமும் ஒன்றாகவே ஆலயத்துக்கு நடந்துபோகும். அதனால்தான் பின்னால் நடந்தது அவ்வளவு வலித்தது.

மாமாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் செயலிழந்தது. பேச்சும் குழறியது. உடற்பயிற்சி சிகிச்சைக்கு அவரை அழைத்துச் செல்ல ஆட்டோ வீட்டு வாசல்வரை வந்து போனது. சுவரில் உரசுகிறது, சத்தம் கேட்கிறது என்று முன்வீட்டுக்காரர் முதலில் குறைப்பட்டார். பிறகு அவர் கார் வாங்கினார். அதை நிறுத்த இடம் வேண்டியிருந்தது. அந்த வழி தன் தகப்பனார் இரக்கப்பட்டு விட்டுவைத்தது, உங்களுக்கு உரிமை கிடையாது என்று சொல்லத் தொடங்கினார். அளந்து பார்க்க வந்த சர்வேயர் அது பொதுவழிதான் என்றார். முன்வீட்டுக்காரர் அதை ஏற்கவில்லை. ஆயர் ஐயா இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசினார். பாதிப் பேச்சிலேயே முன்வீட்டுக்காரர் எழுந்து போய்விட்டார்.

ஒருநாள் காலை ஹாலோ பிளாக் கல்லும் மணலும் வந்து இறங்கின. வழியின் குறுக்கே சுவர் எழும்பத் தொடங்கியது. அக்கா ஓடிப்போய்க் குறுக்கே நின்றார். மேஸ்திரி வேலையை நிறுத்தவில்லை. கொட்டிக் குழைத்திருந்த சிமெண்ட் கலவையில் அக்காவின் கால் வழுக்கியது. விழுந்ததில் மணிக்கட்டு உடைந்தது.

கையில் கட்டுடன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். மாமாவின் தம்பி, அதாவது எங்கள் சின்ன மாமா, உடன் வந்தார். இது இடத் தகராறு, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், ஆனால் கையை உடைத்தது அவராக இருந்தால் அது வேறு வழக்கு என்று அதிகாரி சொன்னார். உடனே சின்ன மாமா அக்காவின் காதருகே குனிந்து, “தள்ளிவுட்டாருன்னு ஒரு வார்த்த சொல்லுங்க அண்ணி. நாளைக்கே செவுர இடிச்சுடுவாரு” என்றார்.

முன்வீட்டுக்காரர் எதிர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அவர் தலையை நிமிர்த்தவே இல்லை. அவர் தள்ளினாரா என்று அதிகாரி நேராகவே கேட்டார். அக்கா கட்டுப்போட்ட கையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

“இல்ல சார். அவரு என்னத் தொடவே இல்ல. கால் வழுக்கி நானாத்தான் வுழுந்தேன். ஆனா அந்த வழி எங்களுக்கும் சொந்தம். ஒடம்பு முடியாத மனுசன உள்ள வெச்சு அடைக்கிறாரு. அதுக்கு எதுனா பண்ணுங்க” என்றார் அக்கா.

அதற்குத் தங்களால் ஒன்றும் செய்ய முடியாது என்று சொல்லி எங்களை அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்ததும் சின்ன மாமா, தன் அண்ணனைவிட அந்த ஆள் உயர்ந்துவிட்டாரா என்று கேட்டுவிட்டு வேகமாகப் போய்விட்டார். வெகுநாள் அக்காவோடு பேசவில்லை. அண்ணன்மேல் இருந்த பாசத்தில்தான் அப்படிக் கேட்டார் என்று அக்கா கடைசிவரை சொல்லிவந்தார். சின்ன மாமா இதைப் படிக்கும்போது அதை நினைவில் வைக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

வீடு திரும்பும்போது, ஏன் அப்படிச் சொன்னாய் என்று நான் அக்காவிடம் கேட்டேன். “பொய் சொல்லி வழிய வாங்கிக்கினா, அப்பறம் கர்த்தருகிட்ட எந்த வாயால நியாயம் கேக்கறது?” என்றார். நடந்ததைக் கேட்ட மாமா, அன்று இரவு அக்கா ஊட்டிய சோற்றை வாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அக்கா தட்டைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தார். மறுநாள் காலையில்தான் மாமா வாயைத் திறந்து சாப்பிட்டார்.

அந்தப் பதிலைக் கேட்ட பிறகாவது முன்வீட்டுக்காரரின் மனம் இளகும் என்று நான் நம்பியிருந்தேன். இளகவில்லை. மேஸ்திரி மறுபடி வந்து மீதிச் சுவரையும் எழுப்பிவிட்டுப் போனார். மாமாவின் மருத்துவச் செலவுக்கு நடுவே கோர்ட்டில் வழக்கு நடத்த எங்களிடம் பணம் இல்லை.

அதன்பின் பின்வீட்டுத் தையல்கார பாயின் முற்றம்தான் எங்களுக்கு வழி. பாயின் மனைவி ரஷீதா அக்கா, நாங்கள் கேட்பதற்கு முன்பே தம் பின்கதவின் தாழ்ப்பாளை எடுத்துவிட்டார். ஆனால் அங்கே தாழ்வான ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுக்குக் கீழே குனிந்து திரும்பித்தான் பின்சந்துக்குப் போக முடியும். மாமாவை பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து இருவர் தூக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஆள் தேட முடியவில்லை. சிகிச்சை குறைந்தது, பிறகு நின்றே போனது. அடுத்த மழைக்காலத்தில் மாமா இறந்தார். சுவர்தான் அவரைக் கொன்றது என்று நான் எழுத மாட்டேன். டாக்டரும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் அவரை அந்த ஷெட்டின் கீழே சாய்த்துத் தூக்கிக்கொண்டு போனபோது அக்கா முன்வீட்டுப் பக்கம் பார்த்த பார்வை இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா, ஆலயத்தில் அப்பமும் ரசமும் பெறும் திருவிருந்தை எடுக்கவில்லை. ஆராதனைக்கு வருவார், பாடுவார். எல்லோரும் பீடத்துக்குப் போகும்போது இவர் மட்டும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பார். முன்வீட்டுக்காரர் எழுந்து போய் முழந்தாளிடுவார். குற்றம் செய்தவர் போகிறார், நீ ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று நான் கோபப்பட்டேன். “அந்த ஆளு நாசமாப் போவணும்னு என் மனசு சொல்லிக்கினே கீது. அத வெச்சுகினு அங்க போயி கைய நீட்ட முடியாது” என்றார். ஆயர் ஐயா வீட்டுக்கே வந்து எடுத்துச் சொன்னார். மனம் சரியானதும் வருகிறேன் என்று அக்கா அவரிடமும் சொன்னார்.

தினமும் காலையில் அவர் ஜெபிக்கும்போது அந்த மனிதரின் பெயரையும் சொல்வார். கசப்பு மாத்திரையை விழுங்குவதுபோல வேகமாகச் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். சில நாள் அந்தப் பெயருக்கு முன்னால் நின்றுவிடுவார். நான் அங்கே தங்கும் நாட்களில் பக்கத்து அறையில் எனக்கு அந்த மௌனம் கேட்கும்.

அதற்காக அவர் சும்மா இருந்துவிடவில்லை. அவ்வப்போது தெருவைச் சுற்றிப் போய் முன்வீட்டு வாசலில் நின்று, வழியைத் திறந்துவிடும்படி கேட்டுவிட்டு வருவார். கூச்சலிட மாட்டார், திட்ட மாட்டார். கதவு திறக்காவிட்டால் மூடிய கதவைப் பார்த்தே கேட்பார். அநியாயத்தை அநியாயம் என்று சொல்வதும் தன் கடமைதான் என்பார்.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, குறிப்பிட்டுச் சொல்லும்படி எதுவும் நடக்காத ஒரு நாளில், அக்கா எழுந்து பீடத்துக்குப் போனார். காலியாக இருந்த ஒரே இடம் முன்வீட்டுக்காரருக்குப் பக்கத்தில். அங்கேயே முழந்தாளிட்டார். மன்னித்துவிட்டாயா என்று நான் வழியில் கேட்டதற்கு, “தெர்ல. ஆனா அவரு கெட்டுப் போவணும்னு இப்ப தோணல. அவ்ளோ தூரம் வந்துகீறேன்” என்றார்.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்தபோது காலம் கடந்திருந்தது. நானும் என் வீட்டாரும் நூம்பலுக்கே குடிவந்தோம். கடைசி வாரங்களில் அக்கா முன்வீட்டுக்காரரைப் பார்க்க விரும்பினார். நான் போய் அழைத்தேன். அவர் வீட்டில் இல்லை என்று அவர் மனைவி சொன்னார். கார் நின்றுகொண்டிருந்தது. திரும்பி வந்து அதை அக்காவிடம் சொன்னேன். “வருவாரு, வுடு” என்று மட்டும் சொல்லிக் கண்களை மூடிக்கொண்டார்.

அவர் வந்தார். அக்கா இறந்த பிறகுதான் வந்தார். தெருவைச் சுற்றி, பின்சந்து வழியாக, ஷெட்டின் கீழே குனிந்து, முற்றத்தைத் தாண்டி வந்து சவப்பெட்டியின் அருகே நின்றார். யாரும் அவரோடு பேசவில்லை. பெட்டியைத் தூக்கிப் போகையில் ஷெட்டு மூலையில் திருப்ப முடியாமல் தடுமாறினோம். வெளிப்பக்கம் பிடிக்க ஆள் போதவில்லை. அவர் வந்து தோள் கொடுத்தார். சின்ன மாமா அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு நகர்ந்து இடம் விட்டார்.

சுவர் இன்னும் அப்படியேதான் இருக்கிறது.

எங்கள் துக்கத்தில் துணைநின்ற ஆயர் ஐயாவுக்கும் சபையாருக்கும், அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், பள்ளி வேனில் அக்காவின் மடியில் தூங்கி வளர்ந்து, இறுதி நாளில் பெரிய பிள்ளைகளாக வந்து நின்றவர்களுக்கும், சின்ன மாமாவுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. பின்கதவை இன்றுவரை தாழிடாத ரஷீதா அக்காவுக்கும் பாய்க்கும் நன்றி என்ற ஒரு சொல் போதாது. முன்வீட்டுக்காரரை இந்த வரிசையில் சேர்ப்பதா என்று பல நாள் யோசித்தேன். அக்காவைச் சுமந்தவர்களில் அவரும் ஒருவர். அதற்காக அவருக்கும் நன்றி. இதில் நான் எழுதியிருப்பது எதுவும் அவர் அறியாததல்ல.

இந்த மலரின் ஒரு பிரதியை நானே சுற்றிப் போய் அவர் வீட்டில் கொடுப்பேன். கொடுத்துவிட்டு, வழியைத் திறந்துவிடுங்கள் என்று கேட்பேன்.

அன்புத் தங்கை,
நூம்பல்