கிணற்று விராலும் என் மரண வாக்குமூலமும்

1979, ஆனி மாதத்து ஞாயிறு. காலை ஆறரைக்குச் சேலத்தில் பஸ் ஏறி, நாமக்கல்லில் மாறி, எழுபது கிலோமீட்டர் குலுங்கிப் பரமத்தி வேலூரில் இறங்கியபோது மணி ஒன்பதரை. என் மனைவியின் தம்பி பழனிசாமி சைக்கிளோடு நின்றிருந்தார். வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் பின்சீட்டில் போனதில் என் மேல் பாதி ஊர்ப் புழுதி.

"கெணத்துல ஒரு முழுக்குப் போட்டுட்டு வாங்க மாமா" என்றார்.

பத்து மணி. கிழக்குப் படியில் இடுப்பளவு நீரில் இறங்கினேன். தாம்பாள அகலத்துக்குச் செக்கச்செவேலென்று ஏதோ மிதந்தது. யாரோ குங்குமத்தைக் கொட்டிவிட்டார்கள் என்று கையை விட்டேன். குங்குமம் கலைந்து ஓடியது! அதே கணம் கெண்டைக்காலில் வெடுக்கென்று ஒரு கடி. குனிந்தால் தட்டைத் தலை, தலையெல்லாம் செதில், உருண்டு நீண்ட கறுத்த உடம்பு. பாம்பு!

நான் அலறியதில் வெற்றிலை கிள்ளியவர்களெல்லாம் ஓடி வந்தார்கள். படியில் மல்லாந்தேன். கால் மரத்தது, நாக்குக் குழறியது, கண் இருண்டது. பாவத்தோடு போகக் கூடாதென்று பழனிசாமியின் கையைப் பிடித்தேன்.

"மாப்பிள்ளை, போன வருஷம் ஓமலூர்ல கட்டிக்குடுத்த உங்க மக காய்ச்சல்ல கெடக்குதுன்னு எங்கிட்ட ரெண்டு விரால் குடுத்தனுப்புனீங்களே, பஸ்ஸுல செத்துப்போச்சுன்னது பொய். சேலத்துலயே குழம்பு வெச்சுத் தின்னுட்டோம். நடுத்துண்டு பூரா உங்கக்காதான்."

அவர் துண்டால் என் காலைத் துடைத்துப் பார்த்தார். "கீறல்தானுங்க. கடிச்சது விராலு. செவப்பா இருந்தது அதோட குஞ்சுங்க. நெறம் மாறுற வரைக்கும் கிட்ட யாரு போனாலும் பாயும். நாங்களே இந்தப் பக்கம் எறங்கறதில்லீங்க, சொல்ல மறந்துட்டேன்."

"பாம்புக்கு முதுகு நீளத்துக்குத் துடுப்பு ஏதுங்க சாமி?" என்று வெற்றிலை கிள்ளும் அம்மா ஒருத்தி சிரித்தாள்.

கால் உடனே குணமாகிவிட்டது. சொன்ன வார்த்தையைத்தான் விழுங்க முடியவில்லை.

"அந்த ரெண்டு மீனு..." என்று இழுத்தேன்.

"அன்னைக்கே தெரியுமுங்க மாமா. விராலு மேல வந்து காத்துக் குடிக்கிற சாதி. ஈரச்சாக்குல ஒரு பகல் பூரா உசுரோட கெடக்கும். ஓமலூரு போறதுக்குள்ள சாவுமுங்களா? புள்ளைதான் ரெண்டு நாளா வழியப் பாத்துட்டு இருந்துச்சு."

பாம்பே கடித்திருக்கலாம்.

மாலை நான்கு மணி பஸ். பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் பிடித்த இரண்டு விரால்கள் ஈரச்சாக்குக்குள் என் மடியில் துள்ளின. ஓமலூருக்குத்தான். வண்டி கிளம்பும் நேரத்தில் பழனிசாமியும் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"மீனுக்குக் காவலா மாப்பிள்ளை?"

"சேச்சே, உங்களுக்குத் தொணைக்குங்க மாமா" என்றவர், சாக்கை மெல்ல என் மடியிலிருந்து எடுத்துத் தம் மடியில் வைத்துக்கொண்டார்.