முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று

எங்கள் வீட்டில் இப்போது ஒரு கார் இருக்கிறது. அதை ஓட்டுபவன் நான்தான் என்று லைசென்ஸ் கொடுத்தவர்கள் இன்னமும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் பக்கத்து ஸீட்டிலிருந்து மனைவியும் பின் ஸீட்டிலிருந்து பிள்ளைகளும் ஓட்டுகிறார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போய் வருகிறேன். இதில் எனக்கு வருத்தமில்லை. வண்டியில் கூடப் போகிறவன் என்ற பதவிக்குத்தான் சிறுவயதில் நான் உயிரை விட்டேன்.

அப்போது யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்கள் முதுகில் கரி அடுப்பைச் சுமந்துகொண்டு இருமிக்கொண்டே போகும். ஆவடிப் பக்கம் ரோடு முழுக்கப் பட்டாள லாரிகள். நாங்கள் பருத்திப்பட்டில் இருந்தோம். நைனாவின் தங்கையான என் அத்தை, வாத்தியார் படிப்பு படித்துத் தேறியிருந்தாள். பூந்தமல்லியில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேலை காத்திருந்தது. ஜூனில் பள்ளி திறக்கும் நாளில் போய் நிற்க வேண்டும்; நிற்காவிட்டால் வேலை வேறொருத்திக்கு.

போய் நிற்பதுதான் பிரச்சினை. குழந்தையில் வந்த ஒரு காய்ச்சல் அத்தையின் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டது. ஒவ்வோர் அடிக்கும் இடது பக்கம் சாய்ந்து நிமிர்ந்துதான் நடப்பாள். பூந்தமல்லி வரை அப்படி நடக்க முடியாது. பஸ்ஸின் படி அவள் இடுப்பு உயரம். வீட்டு மாடுகளுக்கு ஏர் வேலை, வண்டி கட்ட முடியாது.

"சைக்கிள்ல சக்கரம் ஒண்ணு கூட்டினா தீந்துது" என்றார் சித்தப்பா. நைனாவின் தம்பியான அவருக்கு வேலை ரயில் பட்டறையில், மனசு எங்கள் மாட்டுக்கொட்டகையில். ஞாயிற்றுக்கிழமை தோறும் அங்கே எதையாவது பிரித்துப் போடுவார். சில சமயம் மறுபடி சேர்ப்பதும் உண்டு.

நைனா கெட்டவர் அல்ல. தங்கையைப் படிக்க வைத்தவரே அவர்தான். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். "வண்டி செய்யுங்க, வேணாங்கல. பின்னால ஒரு பெட்டி வெக்கணும். பொண்ணு தனியா போவக்கூடாது, ஆம்பளத் துணை ஒண்ணு கூட குந்தணும்."

வீட்டில் அந்த நேரத்தில் சும்மா இருந்த ஆம்பளை நான் ஒருவன்தான். எனக்கு எட்டு வயது. வேலையையும் நைனா விளக்கினார். "அவ எங்க நின்னா, யாரு கூட பேசனா, எல்லாத்தியும் சாயங்காலம் எங்கிட்ட வந்து சொல்லணும், இன்னா?" அதாவது அத்தை பாடம் நடத்தும்போது நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன், என் பள்ளிக்கூடத்துக்கு நான் போக வேண்டியதில்லை. மனித வாழ்க்கைக்கு இதைவிட உயர்ந்த லட்சியம் எதையும் பிற்காலத்தில் நான் படித்த தத்துவப் புத்தகங்கள் எடுத்துச் சொல்லவில்லை.

முதல் வண்டியில் முன்னால் ஒரு சக்கரம், பின்னால் இரண்டு. இரண்டுக்கும் நடுவே பெட்டி, பெட்டிக்குள் நான். சித்தப்பாவே ஏறி ஏரிக்கரை மேல் ஓட்டிக் காட்டினார். நேராகப் போகும்வரை ராஜபவனி. மதகுக்குப் பக்கத்தில் கரை திரும்புகிறது, வண்டியும் திரும்பியது. உள்பக்கச் சக்கரம் ஆகாயத்தில் எழுந்தது. வெளிப்பக்கச் சக்கரம் கரையின் ஓரத்தைத் தேடி, அது இல்லையென்று கண்டுகொண்டது. அடுத்த கணம் நானும் சித்தப்பாவும் ஏரிச் சேற்றில் இருந்தோம்.

"போதும், நிறுத்து" என்றார் நைனா.

"அண்ணா, சைக்கிள் திரும்பினா சாயுது. இது சாயல. சாயாததாலதான் கவுந்துது" என்றார் சித்தப்பா, காதிலிருந்து சேற்றை எடுத்தபடி.

"கவுக்காம இருக்க சாய்க்கணுமா? இன்னாடா கணக்கு இது?"

அத்தைதான் சொன்னாள்: "நான் பொறந்ததுலேந்து சாய்ஞ்சிகினுதான் நடக்கறேன். இதுவரைக்கும் கவுந்தனா?"

நைனா ஏர் மாடுகளைப் பார்க்கப் போய்விட்டார்.

நுங்குக் காலம் அது. தின்றுவிட்டுப் போட்ட நுங்குக் காய்களைச் சக்கரமாக்கி, துடைப்பக்குச்சியை அச்சாக்கி, சித்தப்பா இரண்டு பொம்மை வண்டிகள் செய்தார். ஒன்றில் முன்னால் ஒரு காய், பின்னால் இரண்டு. மற்றதில் தலைகீழ். இரண்டிலுமே குச்சிகளை நூலால் கட்டி, உடம்பு சாய்ந்தால் சக்கரமும் கூடவே சாயும்படி பண்ணியிருந்தார். பெரிய களிமண் உருண்டை அத்தை. சின்ன உருண்டை நான். சாய்த்த பலகையில் வண்டிகளை உருட்டிவிட்டதில் நான் பலமுறை உயிரிழந்தேன்.

"ரெண்டும் நிக்கிது" என்றார் சித்தப்பா. "ஆனா முன்னால ஒண்ணுன்னா பழைய சைக்கிள் ஃபோர்க்கு அப்படியே மாட்டலாம். முன்னால ரெண்டுன்னா ரெண்டும் திரும்பணும், ரெண்டும் சாயணும். அதுக்கு நான் ரெண்டு பொறவி எடுக்கணும்."

"முதல் பொறவியிலயே முடிச்சிடு ண்ணா. ஜூன் மாசம் காத்துகினு இருக்காது. எனக்கு முன்னால ரெண்டுதான்" என்றாள் அத்தை.

நைனாவும் சித்தப்பாவும் நானும் ஒரு கட்சி. அவள் தனிக் கட்சி. நைனா பெட்டிக்காகப் பேசினார். சித்தப்பா சுலபத்துக்காகப் பேசினார். நான் உணர்ச்சியோடு பேசி, அழவும் செய்தேன். அத்தை அசையவில்லை.

"பின்னால கீற சக்கரம் கரைமேல போவுதா, காத்துல போவுதான்னு எனக்கு இன்னா தெரியும்? சின்னண்ணா வுழுந்ததே அதனாலதான். முன்னால இருந்தா கண்ணால பாத்துகினே போவேன். ரெண்டும் நுழையிற எடத்துல ஒண்ணு நுழையாதா?"

சேற்றில் விழுந்த யாரும் இதை மறுக்க முடியாது. சித்தப்பா தலையாட்டிவிட்டார்.

"அப்ப இவன் எங்க குந்துவான்?" என்றார் நைனா.

"பின் சக்கரத்து மேல கேரியர் போட்டுட்டா போச்சு" என்றார் சித்தப்பா. எனக்கு உயிர் வந்தது.

"சாயற வண்டியில பின்னால ஒருத்தன் குந்தினா, அவனும் என்கூட சேந்து சாயணும். இவன் பயந்துகினு எதிர்ப்பக்கம் சாய்வான். ரெண்டு பேரும் ஏரியிலதான்" என்றாள் அத்தை. சின்னக் களிமண் உருண்டையை எடுத்துப் பெரிய உருண்டையோடு சேர்த்து அமுக்கினாள். நான் போன இடம் தெரியவில்லை.

சித்தப்பா இரண்டாம் பிறவி எடுக்காமலே செய்து முடித்தார். முன்சக்கரங்கள் இரண்டும் ஒன்றைப் பார்த்து ஒன்று, ஒரே பக்கமாகப் பணிவாகச் சாயும். சூம்பிய காலைத் துணியால் பெடலோடு கட்டிக்கொண்டு அத்தை கொட்டகை வாசலில் பழகினாள். வலப்பக்கம் சாய்வது அவளுக்குப் புதிது. அந்தப் பக்கமே விழுந்தாள். எழுந்தாள். முழங்கையில் மஞ்சளைப் பூசிக்கொண்டு மறுபடி விழுந்தாள். அம்மா பார்க்கச் சகிக்காமல் உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் அத்தை விழாமல் சுற்றி வந்தாள். எங்கள் வீட்டுக் கோழிகள்கூட வழிவிட்டு நின்று பார்த்தன.

கடைசிப் பரீட்சையை நைனா வைத்தார். "மதகு வரைக்கும் போயி திரும்பி வா. வுழுந்தா வேலயும் கெடயாது, வண்டியும் கெடயாது."

அவள் ஏரிக்கரை மேல் போனாள். மதகுத் திருப்பத்தில் வண்டி முழுதும் வலப்பக்கம் சாய்ந்தது. நைனா என் தோளைப் பிடித்த பிடி இன்னும் நினைவிருக்கிறது. பிறகு வண்டி நிமிர்ந்தது. ஆனால் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. நேரே பூந்தமல்லியைப் பார்த்துப் போய்க்கொண்டே இருந்தது. வெகுநேரம் கழித்து, புழுதியும் சிரிப்புமாக வந்து சேர்ந்தாள்.

"மதகு வரைக்கும்தானே சொன்னேன்?"

"நிறுத்தினா வுழுந்துடுவேனோன்னு போயிட்டேன் ண்ணா" என்றாள். வண்டியை நிறுத்தி, விழாமல் உட்கார்ந்துகொண்டுதான் இதைச் சொல்கிறாள் என்று யாரும் சொல்லவில்லை.

"அத்தே, நான் எங்க குந்தறது?" என்று கடைசி முயற்சியாகக் கேட்டேன்.

"உனக்கு ரெண்டு காலும் நல்லாத்தானே கீது? உன் இஸ்கூலுக்கு நடடா."

அவள் வேலைக்குப் போனாள். நான் என் பள்ளிக்கூடத்துக்கே போய்த் தொலைந்தேன். எங்கே நின்றாள், யாரோடு பேசினாள் என்று சாயங்காலங்களில் சொல்ல வீட்டில் யாரும் இல்லை. நைனாவும் கொஞ்ச நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, பிறகு அந்த நேரத்தில் வயலுக்குப் போக ஆரம்பித்தார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு நாள் அத்தையின் வண்டி உள்ளே நுழையும்போது பார்த்தேன். பின் சக்கரத்தின் மேல் புத்தம்புதுக் கேரியர். அதில் கயிற்றால் இறுக்கிக் கட்டி ஒரு பூசணிக்காய், பூந்தமல்லிச் சந்தையில் வாங்கியது. இறக்கி வைக்கச் சொன்னாள். என்னால் தூக்க முடியவில்லை. ஏறக்குறைய என் கனம் இருக்கும்.

அன்று ராத்திரி குழம்பில் அந்தப் பூசணிக்காயை நான் தொடவில்லை. என் இடத்தில் உட்கார்ந்து வந்தது என்ற கோபம் ஒன்றுதான் எனக்கு. அவ்வளவு பெரிய காய் எந்தப் பக்கம் சாய்ந்துகொண்டு வந்தது, வண்டி ஏன் ஏரியில் கவிழவில்லை என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.