மடக்கு சைக்கிளுக்கு நல்ல தண்ணி

நடுவிலிருந்த கொக்கியைத் தூக்கிவிட்டு அழுத்தினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் வரும், இரண்டு சக்கரமும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, முழுச் சைக்கிளும் ஒரு மூட்டை அளவுக்குச் சுருங்கிவிடும். அந்தச் சத்தத்தைக் கேட்டாலே எனக்கு வயிறு எரியும்.

கடலாடிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து அக்கா தினமும் ராமநாதபுரத்துக்கு ஆசிரியர் பயிற்சிக்குப் போய்வந்தாள். பஸ் நிற்கும் ரோட்டுக்கு நாலு கிலோமீட்டர் பொட்டல், ராமநாதபுரத்தில் இறங்கிய பிறகும் ஒரு நீண்ட நடை. அடிக்கடி வகுப்புக்குப் பிந்திப் போனதில், இப்படியே போனால் பரீட்சை எழுத விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சமயத்தில் கீழக்கரைக்கு மிளகாய் வத்தல் கொண்டுபோன அய்யா, ஒரு துபாய்க்காரர் வீட்டில், பிள்ளைகள் வளர்ந்துவிட்டதால் சும்மா கிடந்த ‘மடக்கு சைக்கிளை’ வத்தலுக்கு ஈடாக வாங்கி வந்தார். ரோடு வரை மிதித்துப்போய், மடக்கி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இறங்கியதும் மறுபடி மிதிக்கலாம்.

அன்றிலிருந்து வயலிலிருந்து வந்ததும் அய்யா முதலில் பார்ப்பது சைக்கிளைத்தான். ‘கடல்காத்து இரும்பத் தின்னுரும்’ என்று சொல்லிக்கொண்டே அதை எண்ணெய்த் துணியால் தடவிக் கொடுப்பார். அந்தக் கை என் தலையைத் தடவி எத்தனை நாளாயிற்று என்று பார்த்துக்கொண்டே நிற்பேன்.

எங்கள் ஊர்க் கிணறெல்லாம் உப்பு. குடிக்கும் தண்ணீரை ஊருணியிலிருந்து சுமந்து வரவேண்டும். அதற்கு ‘நல்ல தண்ணி’ என்று பெயர். குளிப்பதெல்லாம் உப்புத்தண்ணியில்தான், சோப்பு நுரைக்காது, தலைமுடி தேங்காய் நாராகத் திரிந்து கிடக்கும். அப்படிப்பட்ட ஊரில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சைக்கிள் கழுவ ஒரு குடம் நல்ல தண்ணி வேண்டுமென்று அய்யா சொல்லிவிட்டார். ‘உப்புப் பட்டா மடங்குற கீலு இறுகிரும்’ என்றார். சுமப்பதும் கழுவுவதும் பன்னிரண்டு வயதுச் சின்னவளான நான். பெற்ற பிள்ளையின் தலைக்கு இல்லாத தண்ணீர் அக்காவின் சைக்கிளுக்கு.

ஒரு ஞாயிறு, மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அந்த நல்ல தண்ணியில் என் தலையை அலசினேன். சைக்கிளுக்குக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றினேன், கீலுக்குள் மட்டும் கூடுதலாக இரண்டு சொம்பு. பயமாகத்தான் இருந்தது, சுகம் அதைவிடப் பெரிதாக இருந்தது. கோடை முழுக்க இதைத் தெரிந்தேதான் செய்தேன். அய்யா மேலே எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார், உள்ளே துரு ஏறிக்கொண்டிருந்தது.

அக்காவின் கடைசிப் பரீட்சையன்று பஸ் வந்து நின்றபோது கீல் மடங்கவில்லை. ‘மடக்காம ஏத்த எடமில்லம்மா’ என்றார் கண்டக்டர். சைக்கிளைப் போட்டுவிட்டு ஏறுவதா வேண்டாமா என்று அவள் தவிப்பதற்குள் விசில் ஊதிவிட்டார். அத்தனை தூரத்தையும் வெயிலில் மிதித்துப் போனவளைப் பரீட்சைக் கூடத்துக்குள் விடவில்லை. அந்த ஒரு தாளுக்காக அவளுக்கு ஒரு வருஷம் போயிற்று. சரியாக எண்ணெய் போடாதது தன் குற்றம்தான் என்று அய்யா தன்னையே திட்டிக்கொண்டு சாப்பிடாமல் கிடந்தார். நான் வாயே திறக்கவில்லை.

இன்று ஊரில் குழாயில் காவிரித் தண்ணி வருகிறது. ஊருணிக்குள் கருவேலம் மண்டிவிட்டது, சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. போன வருஷம் அய்யாவும் போய்ச்சேர்ந்தார். கருமாதி முடிந்த மறுநாள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லி அழுதேன்.

“தெரியும்டி” என்றாள். “பரீட்சைக்கு மறுநாளே கீலப் பிரிச்சுப் பாத்தேன். உள்ள உப்புப் பூத்துக் கெடந்துச்சு.”

“அய்யாகிட்ட ஏன் சொல்லல?”

“சொன்னா ஒன்னய அடிப்பாரு. அடிச்சுட்டு மனசு கேக்காம ஒன்னயவே மடியில போட்டுக் கொஞ்சிக்கிட்டுக் கெடப்பாரு. வருசம் போனாப் போகுது, அத என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியாது.”