கை எட்டும் உயரம்

கம்பியை முறுக்கினால் ஒரு சத்தம் வரும். கிர்ர்ரென்று பல்லுக்குள் இறங்கும். எங்கள் காமயகவுண்டன்பட்டியில் எந்தத் திராட்சைத் தோட்டத்தில் அது கேட்டாலும் நான் நின்றுவிடுகிறேன். மகளுடைய பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் கண்ணில் விரிந்துவிடுகிறது.

அன்று என் வீட்டுக்காரர் மகளுடைய டி.சி. வாங்கத்தான் கிளம்பினார். அவள் வகுப்பு டீச்சர் பாடமே எடுக்க மாட்டேங்குறாக, பிள்ளைகள் மண்ணை அளையுதுக என்று ஊரெல்லாம் பேச்சு. கம்பத்து இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் இடம் பேசி முடித்திருந்தார். தடுக்க முடியுமா என்று நானும் கூடவே ஓடினேன். பழைய பள்ளியில் வாயே திறக்காத பிள்ளை. இங்கே நாலாம் வகுப்புக்கு வந்த பிறகு சோற்றை வாயில் வைத்துக்கொண்டும் கேள்வி கேட்கிறாள்.

பின்பக்கம் திராட்சைப் பந்தல் எழும்பிக்கொண்டிருந்தது. மூங்கில் கால்கள், மேலே கம்பி, சுற்றிலும் பிள்ளைகளின் சண்டை, சிரிப்பு, புழுதி. அடுத்தவர் பந்தலைச் சும்மா பார்த்துவிட்டுப் போக எங்கள் தோட்டக்காரர்களுக்கு வராது. வந்த காரியம் மறந்து இவர் விறுவிறுவென்று உள்ளே போனார். கம்பி நெற்றியில் இடித்தது.

"ஏலே, யார்றா அளவெடுத்தது? ஆள் நிக்க வேணாமா?"

எங்கள் தோட்டத்துப் பந்தலுக்கு அவர் டேப் பிடிப்பதில்லை. நிமிர்ந்து நின்று கையைத் தூக்குவார்; குலை எட்ட வேண்டும், அவ்வளவுதான். அதே மாதிரிதான் நாங்களும் அளந்தோம் என்று மகள் முன்னால் வந்தாள். யார் கையை வைப்பது என்று காலையெல்லாம் சண்டையாம். நெட்டையன் கையை வைத்தால் பாதிப் பேருக்கு எட்டாது. கடைசியில் வகுப்பிலேயே குட்டைப் பிள்ளையைக் கை தூக்கச் சொன்னார்களாம்.

டீச்சர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வேம்படியில் நின்றிருந்தார்.

"நீங்க சொல்லித் தர மாட்டீகளா?" என்று டீச்சரிடம் கேட்டார் என் வீட்டுக்காரர்.

"பிள்ளைக கேட்டாச் சொல்வேன். இன்னும் கேக்கல."

போச்சு, என்று நினைத்தேன். வீட்டுக்காரரோ பந்தலுக்கடியில் குத்த வைத்து உட்கார்ந்து மேலே பார்த்தார். அங்கிருந்து பார்க்க, பிள்ளைகள் உயரத்துக்கு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஓரத்துக் கம்பி மட்டும் தொய்வு. முறுக்கட்டுமா என்று பிள்ளைகளிடம், ஆமாம், பிள்ளைகளிடம் கேட்டார். கிர்ர்ர்!

திரும்பும்போது, டி.சி. தரும் தலைமையாசிரியர் அறையைத் தாண்டியும் அவர் நடை நிற்கவே இல்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. மண் கையோடு மகள் வாசல்வரை ஓடி வந்தாள்.

"அப்பா, நாளைக்கு நம்ம கம்பி முறுக்குற கொறட்டக் கொண்டாங்க. இங்கன இருக்கிறது பிடிக்கவே மாட்டேங்குது."

"கொண்டாரேன். ஆனா, நீங்க கேட்டாத்தான் முறுக்குவேன்."